மதராஸிலிருந்து மதேராஸுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

கப்பல் வேலை நாட்களைப் பற்றி எழுதும்போது, நிகராகுவாவில் அணைந்த எரிமலை ஒன்றில் ஏறி அதன் வாய்க்குள் இருக்கும் ஏரியைப் பார்த்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எப்படி இருந்தது? நானும் கப்பலில் சேரப் போகிறேன். மலையே இல்லாத நம் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குப் பழக முடியுமா?

ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வரியில் முடித்ததற்குக் காரணம், மேலே போய் நான் பார்த்தது பெரும்பாலும் வெள்ளை மூட்டம்தான்.

மலையின் பெயர் மதேராஸ். ராயபுரத்துக்காரன் காதில் அந்தப் பெயர் விழுந்தால் சும்மா இருப்பானா? வேலைக்காலம் முடிந்து கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆகி இறங்கியதும் கிளம்பிவிட்டேன். நிகராகுவா ஏரிக்குள் ஒமெதெபே என்றொரு தீவு. இரண்டு எரிமலைகள் ஒட்டி உண்டானது. கொன்செப்சியோன் இன்னும் உயிரோடு இருக்கிறது. மதேராஸ் அணைந்தது, 1,394 மீட்டர். ஏரி மட்டமே கடலுக்கு மேல் சுமார் 30 மீட்டர்தான் என்பதால் கிட்டத்தட்ட முழு உயரத்தையும் நடந்தே ஏறவேண்டும்.

வாழை, காப்பித் தோட்டம், பழங்குடிகள் சுருள் சுருளாகச் செதுக்கிய பாறைகள் வரை சுகம். அதற்கு மேல் மேகக்காடு. மரமெல்லாம் பாசி, ஓயாத சொட்டு, கணுக்கால் வரை சேறு. மழைக்காலத்து வியாசர்பாடித் தெருவை நிமிர்த்தி வைத்த மாதிரி. விளிம்பைத் தொட்டதும் முடிந்தது என்று நினைத்தேன். ஏரி உள்ளே இருக்கிறது. வேரையும் கயிற்றையும் பிடித்து வாய்க்குள் இறங்கவேண்டும். மழைநீர் தேங்கிய ஏரி, கரை முழுக்க உளை. கொண்டுபோன வாழைப்பழத்தைத் தின்பதற்குள் மூட்டம் ஒருமுறை விலகியது, எதிர்க்கரை தெரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவுதான். ஆனாலும் திரும்பப் போகச் சொன்னால் போவேன்.

ஏற மூச்சு போதும், உங்கள் வயதில் அது இருக்கும். இறங்கிய நாலு மணி நேரத்தில்தான் என் முட்டி கழன்றது. அதனால் மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள், முதுகில் ரெண்டு தண்ணீர் பாட்டிலோடு. ஏறுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அணைந்த மலைதானே என்று மழையோடு மட்டும் விளையாட வேண்டாம். 1996 செப்டம்பரில் பெருமழைக்கு மதேராஸ் சரிவிலிருந்து சேற்று வெள்ளம் இறங்கி ஆறு பேர் செத்தார்கள். கைடு இல்லாமல் போகாதீர்கள். இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால், அடிவாரத்திலேயே உட்கார்ந்து காப்பி குடியுங்கள். அதுவும் அந்த மலையில் விளைந்ததுதான்.