பில் இல்லாமல் வழக்கு இல்லை: கடைக்காரரைப் பற்றிய கேள்விகளுக்கு பதில்கள்

கே: தலவாக்கலையில் குளிர்பானப் போத்தலுக்கு, கூலிங் என்று சொல்லி, அச்சிட்ட விலையைவிட 20 ரூபா கூட எடுக்கிறார்கள். சரியா?

தவறு. அச்சிட்ட விலைதான் உச்ச விலை. கூலிங்கும் அதற்குள் அடக்கம். பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கே: ஒரு கடையில் ஏமாற்றிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

எந்த ஊர், என்ன சாமான், என்றைக்கு, எவ்வளவு? ஒன்றுமே எழுதாமல் அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பில்லைத் தேடி எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: ஒரு கிலோ பருப்பு வீட்டில் நிறுத்தால் 900 கிராம்தான் வருகிறது.

முதலில் உங்கள் வீட்டுத் தராசைச் சோதியுங்கள். கம்பனி அடைத்த, பிரிக்காத 1 கிலோ சீனிப் பக்கற்றை வைத்தால், பையின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு 5, 10 கிராம் கூடக் காட்ட வேண்டும். அது சரியென்றால், கடையில் தட்டு வெறுமையாக இருக்கும்போதே எண் பூச்சியமா என்று பாருங்கள். தடித்த கடதாசிப் பையையும் சேர்த்து நிறுத்தாலும் பருப்புதான் குறையும். தராசில் வருடாந்த முத்திரை இல்லையென்றால் மாவட்டச் செயலகத்தின் அளவீட்டு அலகுகள் பிரிவுக்கு எழுதுங்கள்.

கே: தோட்டத்துக் கடையில் கடன் கொப்பியில் மொத்தத் தொகையை மட்டும் எழுதுகிறார்கள். சம்பள நாளில் கணக்கு எப்போதும் கூடுதலாகவே வருகிறது.

இந்தக் கடிதம் பல தோட்டங்களிலிருந்து வருகிறது. இன்னும் நிற்கவில்லை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. "அரிசி, சாமான் 4,000" என்று ஒரே வரியில் எழுதினால், அரிசி எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போட்டார்கள் என்பதைப் பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். அதில் திகதி, அளவு, விலை இருக்க வேண்டும். கடனுக்கு வாங்கினாலும் விற்பனை விற்பனைதான். ஆகவே உங்களுக்கென்று தனிக் கொப்பி வைத்து, சாமான், அளவு, ஒரு கிலோ விலை, மொத்தம் என நான்கு பத்தி போடுங்கள். வாங்கும் அன்றே, கடையிலேயே இரண்டு கொப்பியிலும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். சில்லறைச் சாமானின் விலைப்பட்டியலும் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும். அதையும் படம் எடுங்கள். கடன் வாங்குவதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது.

கே: அட்டனில் வாங்கிய பிரிட்ஜ் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது" என்று பில்லைக் காட்டுகிறார்கள்.

அந்த வரி வொரண்டியை அழிக்காது. நிறம் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மறுக்கலாம். பழுதுக்கு மறுக்க முடியாது. தொடர் இலக்கத்தைக் குறித்து, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, திருத்தக் கொடுத்ததற்கான துண்டையும் வாங்குங்கள். பிறகும் இழுத்தடித்தால் அதிகார சபைக்குத் தமிழிலேயே எழுதுங்கள். மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். "நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் நாள் கடத்துவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

கே: அம்மாவைக் காசாளர் மரியாதையில்லாமல் பேசினார். 1977க்கு அழைக்கலாமா?

வேண்டாம், அது விலை, தரம், அளவுக்கான இலக்கம். பில் இலக்கம், நேரம், கவுண்டர் எண் குறித்து முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கிளைக் கடையென்றால் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி.

கே: பால்மா அடுக்கில் தெரிகிறது, "முடிந்துவிட்டது" என்கிறார்கள்.

கையிருப்பை வைத்துக்கொண்டு இல்லை என்பதும், விற்க மறுப்பதும் குற்றம். அடுக்கைப் படம் எடுத்து, அன்றே 1977க்கு அழையுங்கள்.