வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பேஸ்

கேள்வி: எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஒன்பது வருடமாக கொயரை நடத்துகிறேன். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ 11, கீழ்க்குரல் ஆல்டோ 6; ஆண்களில் மேல்குரல் டெனர் 3, கீழ்க்குரல் பேஸ் 2. கிறிஸ்மஸுக்கு ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் எடுத்திருக்கிறோம். பேஸ் பையன்கள் ஃபோனில் கேட்டுத்தான் படிக்கிறார்கள். அவர்கள் வரி சுதியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. கீபோர்டை நிறுத்தினால் பாட்டு முடிவதற்குள் அரைச் சுதி இறங்கிவிடுகிறது. கமிட்டியில் பதிவு செய்த ட்ராக்கைப் போட்டுப் பாடச் சொல்கிறார்கள். என் அப்பாவும் பேஸ் பாடியவர், எனக்கு சோல்ஃபா (டோ, ரே, மி என்று சுரங்களை எழுத்தில் எழுதிப் படிக்கும் முறை) சொல்லித்தந்தவர். குரல் நடுங்கியதால் போன ஈஸ்டரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். இப்போதும் வியாழக்கிழமை பிராக்டிஸுக்கு என்னோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ட்ராக்குக்குச் சம்மதிக்கலாமா, பொறுப்பையே விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி, ட்ராக்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். அவர் ஏன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்?

சோல்ஃபா தெரிந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம். தெரியாத இரண்டு பையன்கள் இந்தப் பக்கம், கையில் ஃபோனோடு. இதையெல்லாம் நீங்களே எழுதிவிட்டு, பேஸ் நிற்கவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள். வாரம் தவறாமல் வருகிற ஒரு மனிதர், கூப்பிட மாட்டானா என்று காத்திருக்கிறார் என்பதுகூட மகனுக்குப் புரியவில்லையா? பெற்றவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு ஆலயத்தில் அல்லேலூயா பாடுவதை என்னால் ஏற்க முடியாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குரல் நடுங்கினால் என்ன? வயதானால் குரல்நாண் மெலியும், மூச்சின் பிடி தளரும். நடுக்கம் அதிகம் தெரிவது நீட்டிப் பிடிக்கிற சுரத்தில், அதுவும் மேல் சுரத்தில். இப்போது நீங்கள் எடுத்திருக்கும் பாட்டையே பாருங்கள். ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ என்று சோப்ரானோ நீட்டிப் பிடித்துப் படிப்படியாக ஏறும்போது, கீழே பேஸுக்கு வருவது ‘ஃபார் எவர் அண்ட் எவர், அல்லேலூயா’ என்ற வெட்டு வெட்டான குட்டைச் சுரங்கள். நடுங்க அங்கே நேரமே இல்லை. நீளமான சுரம் வருகிற இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கே மட்டும் அவரை மெதுவாக விட்டுவிடச் சொல்லியிருந்தால் போதும். ஒரு பென்சில் வேலைக்கு ஒரு மனிதரையே வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்து அந்த ஃபோன். தாழ்ந்த பேஸ் சுரங்களின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய காணாமல் போய்விடும். காதில் பளிச்சென்று விழுவது சோப்ரானோதான். பையன்கள் தங்களை அறியாமல் அந்த மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொண்டிருப்பார்கள். ‘அண்ட் ஹி ஷால் ரெயின்’ வரும்போது குட்டு உடைந்துவிடும். அந்த இடத்தை முதலில் தொடங்குவதே பேஸ். டெனர், ஆல்டோ, சோப்ரானோ ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேரும். முதல் ஆளே தடுமாறினால் மற்ற மூன்றும் எதைப் பிடித்துக்கொண்டு நுழையும்?

அதனால் அந்த இரண்டு பையன்களையும் அப்பாவிடம் ஒப்படையுங்கள். பிராக்டிஸுக்கு முந்திய அரை மணி நேரம் போதும், அதே வராந்தா போதும். பாட்டின் சுதி டி மேஜர், அதாவது டோ என்பது டி. முதல் நாள் பாட்டையே தொட வேண்டாம். டோ மி சோ மேல் டோ, ஏறி இறங்கட்டும். பிறகு தாளை எடுத்து, பாடாமல் தாளத்தோடு வாசிக்கட்டும்: இரட்டைப் புள்ளி அடியைப் பிரிக்கும், சிறு கோடு வந்தால் நீட்டு, ஒற்றைப் புள்ளி வந்தால் அடியைப் பாதியாக்கு. அது தடங்கல் இல்லாமல் வந்த பிறகு சோல்ஃபாவிலேயே மெதுவாகப் பாடட்டும். வார்த்தை கடைசியில்தான். வார்த்தையை முதலிலேயே போட்டால் தப்பான சுரம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். முழுத் தாளையும் கொடுத்தால் அப்பாவுக்குக் கண் திணறலாம். பேஸ் வரியை மட்டும் தடித்த பேனாவால், வரிக்கு நான்கு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) மேல் போகாமல், பெரிதாக எழுதுங்கள். எழுதுவது உங்கள் கையாக இருக்கட்டும், ஜெராக்ஸ் கடைக்காரர் கையாக வேண்டாம்.

சுதி இறங்குவதும் இதோடு சேர்ந்த சங்கதிதான். அடியில் பேஸ் ஆடினால் மேலே இருப்பவர்கள் ஒட்டிக்கொள்ள இடமில்லை. மூன்றாவது சுரமான மியும் ஏழாவது சுரமான டீயும்தான் பெரும்பாலும் தாழும்; இறங்கும்போது படி அகலமாகிவிடும்; ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சறுக்கும். நீட்டிப் பிடிக்கும் சோப்ரானோக்கள் 11 பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் அடுத்த சுரம் கீழேதான் விழும். பக்கத்து ஆள் வாங்காத இடத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஆட்களை நிறுத்தும் இடத்தையும் மாற்றுங்கள்: பேஸும் டெனரும் பின்வரிசையில் நடுவில், சோப்ரானோ அவர்களுக்கு முன்னால். எண்ணிக்கை குறைவு என்று கமிட்டி சொன்னால், 1742இல் டப்ளினில் இதை முதன்முதலாகப் பாடியவர்கள் அந்த ஊர்க் கதீட்ரல்கள் இரண்டின் பாடகர்கள்தான், நூற்றுக்கணக்கில் இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் உங்கள் 11 பேர் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூன்று டெனர் காதில் விழாத அளவுக்குப் பாடுவது பாட்டே இல்லை.

ட்ராக் வேண்டாம். அது யாருக்காகவும் மூச்சு வாங்கக் காத்திருக்காது. பக்கத்துக் குரலைக் கேட்கும் பழக்கத்தையும் கெடுத்துவிடும். கீபோர்டு முதல் சுரத்தைக் கொடுத்துவிட்டு ஓயட்டும், எட்டு பாருக்கு ஒருமுறை தொட்டுச் சரிபார்த்தால் போதும். பொறுப்பை விடுவது பற்றிய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். முதலில் உங்கள் கடமையைச் செய்துவிட்டு வாருங்கள்.

பையன்கள் பார்க்க மன்னிப்புக் கேட்டு அவரைக் கூச்சப்படுத்த வேண்டாம். புதன்கிழமை இரவே, வீட்டில், சாப்பிட்ட பிறகு கேளுங்கள். வியாழக்கிழமை பின்வரிசையில் அந்த இரண்டு பையன்களுக்கும் நடுவே கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போடுங்கள். முதுகைச் சாய்க்காமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு பிடிபடும்.