கச்சான் காற்றும் கண்ணாடிப் போத்தலும்: சுங்கான் புகையிலை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் சுங்கானில், அதாவது புகைக்குழாயில், நிரப்புகிற ஒரு புதுப் புகையிலைக் கலவை வந்து சேர்கிறது. அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, பிடித்துப்போனால் எவ்வளவு எடுத்து வைப்பது, நம் ஊர் வெக்கையில் அது பழுக்குமா பழுதாகுமா? ஆங்கிலப் புத்தகங்கள் குளிர் நாட்டு நிலவறையை மனதில் வைத்துச் சொல்லும் பதில் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நமக்குப் பொருந்தாது. என் வீட்டு அலுமாரியில் இருபது வருடமாகப் போத்தல் அடுக்கி, கெடுத்தும் காத்தும் கற்றதிலிருந்து எழுதுகிறேன்.

மச்சான் லண்டனில இருந்து ஒரு பேணி கொண்டுவந்தார். திறந்த கையோட நிரப்பிக் குடிச்சன். நாக்கு பொசுங்கிப் போச்சு. கலவையே சரியில்லையா? — கல்லடி

கலவையைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. பேணிக்குள் அடைபட்டு வரும் புகையிலை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தோடு பற்ற வைத்தால் புகையோடு நீராவியும் வாய்க்குள் வருகிறது. நாக்கைச் சுடுவது பாதிக்கு அந்த ஆவிதான். ஈரப் புகையிலை அடிக்கடி அணையும், அணைய அணைய நாம் வேகமாக இழுப்போம், இழுக்க இழுக்கச் சூடு ஏறும். வெர்ஜீனியா இலை கூடுதலான கலவை என்றால் அதில் சீனிச் சத்து அதிகம், அவசரமாக இழுப்பவரின் நாக்கை அது விடாது.

சுங்கானின் தலைக்குழியைத்தான் கிண்ணம் என்கிறோம்; ஒரு கிண்ணத்துக்கு வேண்டிய அளவை வெள்ளைத் தாளில் பரப்பி வையுங்கள். குடிக்கப் பதமான ஈரம் 12 முதல் 14 வீதம் என்பார்கள். வீட்டில் அதை அளக்கக் கருவி வேண்டாம், விரல் போதும். கிள்ளி அழுத்திப் பாருங்கள்: கட்டியாக ஒட்டி நின்றால் ஈரம், மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பதம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. இந்தக் காயவைக்கும் நேரம் நம் ஊரில் மாதத்துக்கு மாதம் மாறும். ஆனி ஆடியில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும்போது பத்து நிமிடம்கூடத் தேவைப்படாது. இரண்டு முறை மறந்துபோய் அரை மணி நேரம் விட்டுத் தூளாக்கியிருக்கிறேன். மார்கழி மழையிலோ ஒரு மணி நேரம் வைத்தாலும் ஈரம் போகாது, சில நாளில் கூடவும் செய்யும். அப்படியான நாட்களில் மின்குமிழ் வெளிச்சத்துக்குக் கீழே வைத்தால் ஓரளவு காயும்.

எத்தனை தரம் குடித்தால் ஒரு கலவையைப் பற்றி முடிவு சொல்லலாம்? — ஆரையம்பதி

ஐந்து தரமாவது. அதுவும் ஒரே சுங்கானில், வெவ்வேறு நாளில், காரமான சாப்பாட்டுக்கு உடனே பின்னால் இல்லாமல். பேணியைத் திறந்து இரண்டு மூன்று நாள் மூச்சு விட்ட பிறகு சில கலவைகள் வேறு ஆளாக மாறும்.

சுங்கான் விஷயத்தில் ஒன்று முக்கியம். லட்டாக்கியா என்ற புகையூட்டிய இலை கலந்த புகையிலை குடித்த சுங்கானில் வேறெதையும் நிரப்பினால் பல நாளைக்குப் பழைய புகைவாசமே முன்னுக்கு நிற்கும். வாசனை ஊட்டிய புகையிலையும் அப்படித்தான். சோதனைக்கென்று சோளப்பொத்தியில் செய்த மலிவான சுங்கான் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் புதுக் கலவை எதையும் அதில்தான் முதலில் நிரப்புவேன்.

ஒரு கலவை மிகவும் பிடித்துவிட்டது. உற்பத்தியை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இருபது பேணி வாங்கி வைக்கலாமா? — காத்தான்குடி

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மக்லெலண்ட் புகையிலைத் தொழிற்சாலை மூடிக்கொண்டது; அதன் வெர்ஜீனியாவுக்குப் பழகியவர்கள் இன்றும் தேடுகிறார்கள். அதே ஆண்டு டன்ஹில் பெயரில் வந்த சுங்கான் புகையிலைகளும் நின்றன. அவற்றில் பல பிறகு பீற்றர்சன் என்ற பெயரில் திரும்பி வந்தது அதிர்ஷ்டம்.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணத்துக்குச் சுமார் இரண்டரை கிராம் பிடிக்கும். 50 கிராம் பேணி ஒன்றில் இருபது கிண்ணம். வாரத்துக்கு இரண்டு என்று குடிப்பவருக்கு வருடம் ஐந்து பேணி போதும். இருபது பேணி என்றால் நாலு வருடச் சரக்கு, அதுவும் வேறெதையும் தொடாமல் இருந்தால். நாலு வருடத்தில் வாய்ச்சுவை மாறும். எனக்கு மாறியது, ஆசையோடு சேர்த்த லட்டாக்கியாவில் பெரும்பகுதியை நண்பர்களுக்குக் கொடுத்தேன்.

என் வழக்கம் இது: முதல் பேணி சோதனைக்கு. பிடித்தால் இன்னும் இரண்டு, ஒன்று குடிக்க, ஒன்று வைக்க. ஆறு மாதம் கழித்தும் கை அதையே தேடினால் அதன் பிறகு ஐந்து. உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பதானால் விமான நிலையச் சுங்க விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். பிரயாணி ஒருவரின் பெட்டியில் உங்கள் நாலு வருட ஆசையை ஏற்றிவிட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டக்கூடாது.

இன்னொன்று. நீங்கள் இருப்பது கடற்கரை. உப்புக் காற்று தகரப் பேணியைச் சும்மா விடாது. மடிப்பு ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குத் துரு பிடித்தால் போதும், காற்றுப் புகுந்து உள்ளே இருப்பது சருகாகிவிடும். குளிர் நாட்டில் பதினைந்து இருபது வருடம் கிடக்கும் பேணியை இங்கே மூன்று வருடத்துக்கு மேல் நான் நம்புவதில்லை. அதற்கு மேல் வைக்கவேண்டும் என்றால் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள்.

எந்தப் புகையிலை பழுக்கும், எது பழுக்காது? — அக்கரைப்பற்று

எனக்கு மிகப் பிடித்த கேள்வி.

முதலிடம் வெர்ஜீனியாவுக்கு. சூட்டுக் குழாய் ஓடும் அறையில் உலர்த்தப்படும் இலை அது, இலையின் சீனி அதில் தங்கிவிடுகிறது. காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்றோடு மெல்ல மெல்லப் புளித்து மாறும். மஞ்சள் கபிலமாகும், கபிலம் கறுக்கும். வைக்கோல் மணம் போய் உலர்ந்த பழத்தின் மணம் வரும். புதிதில் நாக்கில் குத்திய கூர் மழுங்கும். வீட்டில் புளி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதுப்புளியின் சிவப்பும் வெடுக்கென்ற புளிப்பும் வருடம் போகப் போகக் கறுத்து இறங்குவதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

வெர்ஜீனியாவோடு பெரிக் சேர்ந்த கலவை இன்னும் நன்றாகப் பழுக்கும். பெரிக் என்பது அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் செய்வது. இலையை மரப் பீப்பாயில் திணித்து, பாரம் ஏற்றி, அதன் சாற்றிலேயே மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். மிளகும் அத்திப்பழமும் கலந்தது போன்ற ஒரு மணம் வரும்.

பேர்லி நிழற்காற்றில் காயும் இலை. சீனி மிகக் குறைவு, ஆகவே மாற்றமும் குறைவு. கெட்டுப்போகாது, ஆனால் காத்திருந்ததற்குப் பெரிய பலன் கிடைக்காது. லட்டாக்கியா மரப்புகை ஊட்டிப் பதப்படுத்துவது. சிரியாவின் துறைமுக நகரின் பெயர் அது, இன்று கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸில் இருந்து. வருடம் போகப் போக அந்தப் புகைக் காரம் அடங்கும். அடங்கிய சுவை பிடித்தவர்கள் வைக்கலாம், காரத்துக்காகவே வாங்குபவர்கள் இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வனிலா, செரி என்று வாசனை ஊட்டியவை பழுக்கவே வேண்டாம். வாங்கினால் குடித்து முடியுங்கள்.

நறுக்கிய விதமும் கணக்கில் வரும். அழுத்திய கட்டியும் வில்லையும் உதிரிப் புகையிலையைவிட மெதுவாக, ஆழமாக மாறுகின்றன. எவ்வளவு காலம்? ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். ஐந்து வருடம், பத்து வருடம் என்பது பதினைந்து இருபது பாகை குளிரில் வைத்திருப்பவர்களின் கணக்கு. முப்பது பாகையை ஒட்டியே நிற்கும் நம் அறைகளில் மாற்றம் விரைவு. என் அலுமாரியில் இரண்டு முதல் மூன்று வருடம்தான் வெர்ஜீனியாவின் நல்ல பருவம். அதற்கு மேல் மணம் தட்டையாகிப் போவதைப் பல போத்தலில் கண்டிருக்கிறேன்.

எந்தப் போத்தலில் போடுவது, எங்கே வைப்பது? — வாழைச்சேனை

தடித்த கண்ணாடி, றப்பர் வளையம் வைத்த மூடி. ஜாம் போத்தலும் ஆகும், மூடியின் உட்பூச்சு உரியாமல் இருந்தால். தேசிக்காய் ஊறுகாய் போட்ட போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் எடுக்காதீர்கள். அந்த மூடி தன் மணத்தை மறக்காது. பிளாஸ்டிக் வேண்டாம். கண்ணாடியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று தெரிந்த பிறகு நிரப்புங்கள்.

பெரிய போத்தல் ஒன்றுக்குப் பதில் சிறியது நாலு. ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் உள்ளே உருவான மணம் வெளியேறி வேலை முதலிலிருந்து தொடங்குகிறது. 50 கிராம் பிடிக்கும் போத்தலாக இருந்தால் ஒன்றைத் திறந்து குடித்து முடிக்கலாம், மற்றவை அசையாமல் இருக்கும். அடைப்பதானால் கச்சான் காலத்திலும் வேண்டாம், அடைமழையிலும் வேண்டாம். மாசி பங்குனியில் மழை ஓய்ந்து காற்று அளவாக இருக்கும் ஒரு காலை நேரம் எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. பெயரையும் திகதியையும் ஒட்டுங்கள். ஞாபகம் இருக்கும் என்று விட்ட மூன்று போத்தல் என்னிடம் பெயரில்லாமல் நிற்கின்றன.

வைக்கும் இடம் இருட்டாக, நிலத்துக்குக் கிட்டே இருக்கவேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ்ப் பரண் கூடாது, அது பகலில் அடுப்பு. வடக்குப் பக்கச் சுவரோரம், அலுமாரியின் கீழ்த்தட்டு. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்: வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்க்கும், மீன் மணமும் ஏறும்.

வில்லையின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. வீசுவதா? — கல்முனை

டோர்ச் லைட் அடித்துப் பாருங்கள். உப்புப் பொடி போல மின்னிச் சிதறிக் கிடந்தால் படிகம், பயமில்லை. பஞ்சு போல, நூல் போல, ஓரிடத்தில் குவிந்து இருந்து, முகர்ந்தால் நனைந்த சாக்கு மணம் வந்தால் பூஞ்சணம். பூஞ்சணம் என்றால் போத்தலோடு வீசுங்கள். மேற்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது நுரையீரலுக்குப் போகிற காரியம்.

புகையிலையில் சிறு சிறு ஓட்டை. கபில நிறத்தில் ஒரு வண்டும் கண்டேன். — செங்கலடி

மிளகாய்த்தூளிலும் மல்லியிலும் வருகிற அதே வண்டுதான். வெப்பத்தில் பெருகும். அந்தப் போத்தலை உடனே அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் இருந்தவற்றைக் காற்றுப் புகாத பைக்குள் கட்டி உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன்பின் வெளியே. பையை அதுவரை திறக்க வேண்டாம். சரக்குச் சாமான் வைக்கிற குசினி அலுமாரியில் புகையிலை வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணப் புகையிலையை வாங்கிச் சுங்கானுக்குப் பழுக்க வைக்கலாமா? — அம்பாறை

அது வேறு வேலைக்குப் பிறந்த இலை. வெற்றிலைக்கும் சுருட்டுக்கும் என்று வளர்த்து, புகை போட்டுப் பதப்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலில் போன பேர்பெற்ற சரக்கு. சுங்கானில் தனியாக நிரப்பினால் தலை சுற்றும், விக்கல் எடுக்கும். நான் முயன்று பார்த்து ஒரு பின்னேரம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

எனக்கு வயது 19. சுங்கான் பழக ஆசை. பழுத்த புகையிலையில் தீங்கு குறைவு என்கிறார்களே, உண்மையா? — மட்டக்களப்பு நகர்

உண்மையில்லை தம்பி. பழுக்கும்போது மாறுவது மணமும் சுவையும். எரிக்கும்போது வரும் புற்றுநோய்ப் பொருட்கள் அப்படியேதான் இருக்கின்றன. புகையை உள்ளே இழுக்காதவரின் உதடும் நாக்கும் தொண்டையும் அதைத் தாங்குகின்றன. நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் எவ்வளவு சாதாரணம் என்று வைத்தியசாலைக்குப் போனால் தெரியும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதே குற்றம். நான் எழுதுவது ஏற்கெனவே இந்தப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு. நீ தொடங்காதே. இருபத்தொன்று ஆனபிறகும் தொடங்காதே.

வாப்பா மௌத்தாகிப் பல வருடம். அவருடைய பெட்டியில் ஒரு பேணி, திறக்காமலே இருக்கிறது. ஒரே ஒரு தரம் குடித்துப் பார்க்க விருப்பம். — ஏறாவூர்

முதலில் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். சருகு போலக் கலகலத்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. மெத்தென்று ஒரு பக்கம் விழுந்தால் அடைப்பு இன்னும் நிற்கிறது. துரு இருந்தால் அந்தப் பக்கம் கீழே வராதபடி பிடித்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் திறவுங்கள். துரு விழுந்த இடத்துப் புகையிலையை ஒதுக்கிவிடுங்கள். பூஞ்சணம் இருந்தால் மணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஒரு கோப்பையில் புகையிலையை உதிர்த்துப் போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியைக் கோப்பையின் வாயில் கட்டுங்கள். துணி புகையிலையில் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் கிளறி, விரலால் கிள்ளிப் பாருங்கள். பதம் வந்ததும் சிறு போத்தலில் அடைத்து, ஈரம் எல்லாப் பக்கமும் பரவ ஒரு வாரம் விடுங்கள். அவருடைய சுங்கானும் பெட்டியில் இருந்தால் புதுச் சுங்கான் தேட வேண்டாம். தண்டை மெல்லக் கழற்றி, குழாய் துடைக்கும் கம்பியால் உள்ளே துடையுங்கள். கிண்ணத்தின் உட்சுவரில் கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். அது அவர் குடித்துக் குடித்துப் படிந்தது.