மகள் வக்கீல் படிப்பை விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போகிறேன் என்கிறாளா?

ஐந்து வருடச் சட்டப் படிப்பில் நான்காம் வருடம் வந்த பிறகு, "அலமோ கோட்டையின் ட்ராவிஸ் மாதிரி கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டாளத்துக்குப் போகிறேன்" என்கிறாள் மகள், தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசையைத் தடுக்காதீர்கள் அம்மா. படிப்பைப் பாதியில் விட மட்டும் சம்மதிக்காதீர்கள். டெக்சாஸின் அலமோ கோட்டையில் மெக்சிகோ படையை எதிர்த்து நின்ற அந்த ட்ராவிஸின் கடைசி 13 நாள் முற்றுகையைத்தான் அவள் படித்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. அதற்கு முந்தைய கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

வில்லியம் பேரட் ட்ராவிஸ் 1809-ல் தென் கரோலினாவில் பிறந்தவர். அலபாமாவில் ஒரு சீனியர் வக்கீலிடம் சட்டம் கற்று, 20 வயது நிறைவதற்குள் தொழிலுக்கு வந்தார். கல்யாணம், குழந்தை, சொந்தப் பத்திரிகை எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. கட்சிக்காரர்கள்தான் வரவில்லை, கடன் வந்தது. 1831-ல் கர்ப்பிணி மனைவியையும் சின்ன மகனையும் விட்டுவிட்டு, அப்போது மெக்சிகோவின் எல்லைப்புறமாக இருந்த டெக்சாஸுக்குப் போய்விட்டார். அது வீரம் தேடிப் போன பயணம் இல்லை.

அங்கே போயும் அவர் பிடித்தது வக்கீல் தொழிலைத்தான். அனாவாக் என்ற ஊரில் தொழிலைத் தொடங்கினார், ஸ்பானிய மொழி கற்றார். லூசியானாவிலிருந்து ஒருவர் வந்து, தப்பி ஓடிய தன் அடிமைகளை மீட்டுத் தரும்படி இவரை அமர்த்தினார். மெக்சிகோ படை அதிகாரி பிராட்பர்ன் அவர்களைத் திருப்பித் தர மறுத்தார். அந்தத் தகராறில் 1832-ல் ட்ராவிஸ் சிறைவைக்கப்பட, ஊரே கிளர்ந்தது. இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்: சுதந்திரப் போர் என்று அவள் படிக்கிற கதைக்குள் இப்படி ஒரு வழக்கும் இருக்கிறது. வக்கீலாகப் போகிறவள் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

அப்புறம் சான் ஃபெலிப்பேவுக்கு மாறினார். தொழில் சூடுபிடித்தது, 1834-ல் ஊர் மன்றச் செயலாளரும் ஆனார். மறுவருடம் டெக்சாஸில் மெக்சிகோ அரசுக்கு எதிராகப் புரட்சி தொடங்கியதும் குதிரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் பதவி. முறையான ராணுவப் பயிற்சி என்று எதுவும் கிடையாது, அலபாமாவில் ஊர்ப்படையில் இருந்த பழக்கம்தான். 1836 ஜனவரியில், 100 பேரைத் திரட்டிக்கொண்டு அலமோ கோட்டை இருக்கும் சான் அன்டோனியோவுக்குப் போகச் சொன்னார் டெக்சாஸ் ஆளுநர் ஹென்றி ஸ்மித். தேறியது 30 பேர் அளவில். என்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள் என்று எழுதிக் கேட்டார், பிறகு போனார்.

பிப்ரவரி 23-ல் மெக்சிகோ தளபதி சாண்டா அன்னாவின் படை வந்து கோட்டையைச் சூழ்ந்தது. மறுநாள் ட்ராவிஸ் எழுதிய உதவிக் கடிதம்தான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. டெக்சாஸ் மக்களுக்கும் உலகத்திலுள்ள அமெரிக்கர்கள் எல்லோருக்கும் என்று தொடங்கி, வெற்றி அல்லது மரணம் என்று முடித்தார். என்னைக் கேட்டால் அது ஒரு தேர்ந்த வக்கீலின் மனு. நிலைமை என்ன, என்ன உதவி வேண்டும், வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். கோன்சாலஸ் ஊரிலிருந்து 32 பேர் வந்து சேர்ந்தார்கள். மார்ச் 6 விடியலில் கோட்டை விழுந்தது, ட்ராவிஸும் இறந்தார். அவருக்கு வயது 26. ஏப்ரலில் சான் ஹசின்டோவில் சாண்டா அன்னாவை வென்ற டெக்சாஸ் தளபதி சாம் ஹூஸ்டனும் வக்கீல்தான். ஆனால் அவர் முதலில் சிப்பாயாக இருந்து போர் பார்த்துவிட்டு அப்புறம் சட்டம் படித்தவர்.

சரி, உங்கள் வீட்டு விஷயம். இரண்டில் ஒன்றைத் தொலைக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் ராணுவத்தில் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவு இருக்கிறது, சுருக்கமாக ஜாக் என்பார்கள். ராணுவ நீதிமன்ற விசாரணை, சட்ட ஆலோசனை எல்லாம் அவர்கள் வேலை. சட்டப் பட்டத்தில் குறைந்தது 55 சதவீதம், 21 முதல் 27 வயது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, சட்ட மேற்படிப்புக்கான கிளாட் முதுநிலை நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். அடுத்து எஸ்எஸ்பி எனும் ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, அகாடமி பயிற்சி. முதலில் பத்து வருடப் பணி. ஆண்களுக்கு அதிக இடம், பெண்களுக்குக் குறைவு என்று பிரித்தது செல்லாது என 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உங்கள் மகளுக்கு நல்ல செய்தி.

ஒன்றை மட்டும் அவளிடம் நேராகக் கேளுங்கள்: சீருடை வேண்டுமா, களத்தில் படை நடத்த வேண்டுமா? களம்தான் என்றால் ஜாக் சலிப்புத் தட்டும், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சிடிஎஸ் தேர்வு எழுதட்டும். அதற்கும் பட்டம் வேண்டும். எந்த வழியானாலும் உடல் தகுதி பார்ப்பார்கள், காலை ஓட்டத்தை இந்த வாரமே தொடங்கட்டும்.