வாங்குவோர் கேள்வி-பதில்: கார்பன் அம்பு டஜன் கணக்கில் வாங்கும் முன்

மர வில், மூங்கில் வில் வைத்திருப்பவர்களிடமிருந்து கார்பன் அம்பு பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. சுருக்கித் தந்திருக்கிறோம்.

என்னிடம் 40 பவுண்டு மர ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) இருக்கிறது. மர அம்பில் குறி ஓரளவு படிந்திருந்தது. ஆன்லைனில் 500 ஸ்பைன் கார்பன் அம்பு ஒரு டஜன் வாங்கினேன். எல்லாம் இடப்பக்கமாகவே போகின்றன. அம்பு கோளாறா, கை கோளாறா? – வாசகர், மார்த்தாண்டம்

இரண்டும் இல்லை, எண் கோளாறு. நாட்டில் பாதிக் கடைகள் 500 ஸ்பைனை நைட்டி மாதிரி ஃப்ரீ சைஸில் விற்கின்றன. வில் எத்தனை பவுண்டு (அதாவது நாணை இழுக்க எவ்வளவு விசை வேண்டும்), எத்தனை அங்குலம் இழுப்பீர்கள் என்று ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. கேட்காத கடைக்காரர் மேல் எனக்குக் கோபம், சொல்லாமல் வாங்குகிறவர் மேலும் கோபம்.

ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு. கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைந்தால் அது 500. 0.6 அங்குலம் வளைந்தால் 600. எண் ஏற ஏற அம்பு துவளும். மர அம்பில் இது தலைகீழ்: 45 பவுண்டு, 50 பவுண்டு என்று எழுதியிருப்பார்கள், எண் ஏற ஏற விறைப்பு. 500 கார்பன் மரக்கணக்கில் ஏறக்குறைய 63 பவுண்டு, 600 என்றால் 52, 700 என்றால் 45. உங்கள் 40 பவுண்டு வில்லுக்கு யாராவது 63 பவுண்டு மர அம்பு கொடுத்தால் வாங்கியிருப்பீர்களா?

மர வில்லில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். அம்பு இருக்கும் இடம் வில்லின் நடுக்கோட்டுக்குச் சற்று வெளியே இருப்பதால், அம்பு வளைந்து வில்லைச் சுற்றித்தான் வெளியேற வேண்டும். வளைய மறுக்கும் அம்பு, வலது கையால் நாண் இழுப்பவருக்கு இடப்பக்கம் போகும். மிகவும் துவண்டால் வலப்பக்கம். அம்பை வில்லின் வலப்பக்கம் வைத்துக் கட்டைவிரலால் இழுப்பவர்களுக்கு இதை மாற்றிப் படியுங்கள்.

வில்லில் எழுதிய 40 என்பதும் 28 அங்குலம் இழுத்தால் மட்டுமே. 26½ அங்குலத்தில் நிறுத்துகிறவர் கையில் 36 அல்லது 37தான் இருக்கும். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசின் கொக்கியை நாணில் மாட்டி, நீங்கள் நிறுத்தும் இடம் வரை இழுத்துப் பாருங்கள். நான் மலிவாக வாங்கிய தராசு 3 பவுண்டு கூட்டிச் சொல்கிற ரகம். ஆகவே முதலில் 5 லிட்டர் தண்ணீர் அடைத்த கேனைத் தொங்கவிட்டு, 11 பவுண்டுக்குச் சற்று மேல் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

வாங்கியாகிவிட்டது. இனி தண்டை வெட்டவே வெட்டாதீர்கள், குட்டையாக்கினால் விறைப்பு இன்னும் கூடும். 100 கிரெயின் (சுமார் 6½ கிராம்) முனையைக் கழற்றிவிட்டு 150, 175, 200 என்று ஏற்றிப் பாருங்கள். முனை கனத்தால் அம்பு துவளும். இரண்டு அம்புகளின் இறகை உரித்துவிட்டு 10 மீட்டரில், பிறகு 15 மீட்டரில், இறகுள்ள அம்புகளோடு சேர்த்து எய்யுங்கள். முதலில் மேல் கீழைச் சரிசெய்ய வேண்டும்: மொட்டை அம்பு கீழே குத்தினால் நாணில் நாக் (அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பிளவு) மாட்டும் இடத்தை 2 மில்லிமீட்டர் இறக்குங்கள், மேலே குத்தினால் ஏற்றுங்கள். அதன் பிறகே இடம் வலம். மொட்டை அம்பு இடப்பக்கம் போவது நிற்கும் வரை முனை எடையைக் கூட்டுங்கள். 200 கிரெயினிலும் அடங்கவில்லை என்றால் 50 பவுண்டு வில் வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றுவிடுங்கள். அடுத்த முறை 600இல் மூன்று மட்டும் வாங்கி, முழு நீளத்தில் 150 கிரெயின் முனையோடு சோதியுங்கள். சரிப்பட்டால் மிச்சம் ஒன்பது.

கையின் மேலேயே அம்பை வைத்து எய்கிறேன். மழைக்கு பிளாஸ்டிக் இறகுதான் நல்லது என்கிறார்கள். – வாசகர், தக்கலை

வேண்டாம். பிளாஸ்டிக் மடங்காது. கையிலும் வில்லிலும் மோதி அம்பைத் தட்டிவிடும். உண்மையான இறகுதான், அதிலும் மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். முன்னால் இருக்கும் காம்பு நுனியை உப்புத்தாளால் தேய்த்து ஒரு சொட்டுப் பசை வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஆள்காட்டி விரலின் மேல்தோலைக் கீறிவிடும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, இறகு நனைந்து படுக்கத்தான் செய்யும். காயவைத்து இட்லிப் பானை ஆவியில் சில நொடி காட்டினால் எழுந்து நிற்கும். எடுத்து வைக்கும் பெட்டியில் இரண்டு பாச்சை உருண்டை போடுங்கள், பூச்சி இறகைத் தின்னாது.

'பியூர் கார்பன்' என்று போட்டிருந்ததை நம்பி மகளுக்கு ஆறு அம்பு வாங்கினேன். கனமாக இருக்கிறது, ஒன்று பிளந்ததில் உள்ளே வெள்ளை நார். கடைக்காரர், பெட்டி திறந்த வீடியோ இல்லை, திருப்ப முடியாது என்கிறார். – ஒரு தாய், குளச்சல்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. வெள்ளை நார் என்றால் கண்ணாடி இழை, மேலே கறுப்புப் பூச்சு. ஆதாரத்தை வலுவாக்குங்கள். தண்டின் முனையை ஈர உப்புத்தாளில் தேய்த்தால் கார்பன் கறுப்பாகக் கரையும், கண்ணாடி இழை வெளுப்பாகக் கரையும். தேய்த்த இரு முனைகளிலும் மல்டிமீட்டர் ஊசியை வைத்துப் பாருங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. இரண்டையும் படம் பிடியுங்கள். பிளந்த அம்பைத் தூக்கிப் போடாதீர்கள், குழந்தை கையில் படாமல் பொதிந்து வையுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. வீடியோ வேண்டும் என்பது கடைக்காரர் சொந்தமாகப் போட்ட சட்டம். விற்பனைப் பக்கத்தை, குறிப்பாக 'பியூர் கார்பன்' என்ற வரியை, மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள்: 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆறு அம்புக்கு இவ்வளவா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ரப்பர் விளையில் மரத்தில் அட்டை கட்டி எய்தேன். அஞ்சு கார்பன் அம்பு போச்சு அண்ணாச்சி. வாரண்டி கேக்கலாமா? – வாசகர், குலசேகரம்

கேட்க வேண்டியது ரப்பர் மரம். பட்டையில் ஓட்டை போட்டதற்கு அது உங்களிடம் கேட்கலாம்.

அம்பு போனது பெரிதல்ல தம்பி, மிச்சமிருப்பவற்றை அப்படியே நாணில் வைத்துவிடாதீர்கள். மர அம்பில் அடிபட்ட இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இழை அறுந்திருக்கும். விடும்போது வில்லைப் பிடித்த கைக்கு மேலேயே வெடித்து, ஊசி ஊசியாகச் சதைக்குள் இறங்கும். கடினமான எதில் பட்டாலும் முகத்துக்கு எட்டத்தில் இரு முனையையும் பிடித்து, உடம்புக்கு வெளிப்புறமாக 2 அங்குலம் வளையுங்கள். கொஞ்சம் திருப்பி மறுபடி வளைத்து, முழுச் சுற்றும் பார்த்துவிடுங்கள். சடசடவென்று சத்தம் வந்தாலோ விரலுக்கு விரிசல் தட்டுப்பட்டாலோ இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். நாக் பக்கத்தையும் முனைப் பக்கத்தையும் தனியாக அழுத்திப் பாருங்கள், பிளவு அங்கேதான் தொடங்கும். இலக்குக்குச் சாக்கில் பழைய துணியை இறுக்கி அடைத்தால் போதும். கூரான பித்தளைக் கொக்கி, பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அடையுங்கள்.

.001 நேர்த்தி உள்ள அம்பு .006ஐ விட இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

தண்டு நேர்க்கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் விலகலாம் என்ற கணக்கு இது. குறிபார்க்கும் கருவி இல்லாமல் 20 மீட்டரில் எய்கிறவருக்கு .006 தாராளம்.

மூங்கில் வில், 30 பவுண்டு. எடை குறைந்த கார்பன் அம்பு வேகமாகப் போகும் என்பதால் இருப்பதிலேயே லேசானதை வாங்க நினைக்கிறேன். – வாசகர், கருங்கல்

வேகமாகப் போகும், வில்லும் வேகமாகப் போய்ச் சேரும். அம்பு எடுத்துக்கொள்ளாத விசை வில்லிலேயே தங்கி அதை உலுக்கும். வெறும் நாணை விடுவதற்கு அடுத்தபடி கெடுதல் அதுதான். மர, மூங்கில் வில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 8 கிரெயினுக்குக் குறையாமல், முடிந்தால் 10 வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 300 கிரெயின், அதாவது 19½ கிராம். முனை, நாக், இறகு எல்லாம் சேர்த்துத்தான். நகைக்கடைத் தராசு வேண்டியதில்லை, ஆறு அம்பை மொத்தமாகச் சமையலறைத் தராசில் வைத்து ஆறால் வகுங்கள்.

இன்னொன்று, நாக். கார்பன் அம்பின் பிளாஸ்டிக் நாக் மெல்லிய நாணுக்காகச் செய்தது. தடித்த நைலான் நாணில் திணித்தால் பிளந்துவிடும். நாணில் மாட்டி அம்பைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்: தானாக விழக்கூடாது, நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும்.

கார்பன் தண்டை ஹேக்ஸாவால் வெட்டலாமா? – வாசகர், திருவட்டாறு

இழை பிரிந்துவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, வேகமாகச் சுழலும் கட்டிங் டிஸ்க்கில் தண்டை உருட்டிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். முகக்கவசம், கண்ணாடி, ஈரத்துணி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முனையைச் சூட்டுப் பசையால் ஒட்டும்போது உலோகத்தைச் சூடாக்குங்கள், தண்டைத் தீயில் காட்டாதீர்கள்.

மகன் இந்தியன் ரவுண்டு போட்டிக்குப் பழகுகிறான். கார்பன் வாங்கித் தரலாமா? – வாசகர், இரணியல்

கூடாது. அந்தப் பிரிவில் வில்லும் அம்பும் மூங்கில் அல்லது மரம்தான்.

விளையில் காட்டுப்பன்றித் தொல்லை. கார்பன் அம்புக்குப் பிளேடு முனை எங்கே கிடைக்கும்? – பெயர் வேண்டாம், பேச்சிப்பாறை

சொல்ல மாட்டேன். காட்டுப்பன்றியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. பயிர்ச் சேதத்தைப் படம் பிடித்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள்.