ட்வைலா கறுப்பா, வெள்ளையா?

இந்த மாதத் தபாலில் ஐந்து கடிதங்கள் ஒரே கதையைப் பற்றி வந்திருக்கின்றன. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் 'ரெசிடாடிஃப்' என்ற சிறுகதை, 1983இல் வெளிவந்தது. ட்வைலா, ராபர்ட்டா என்ற இரண்டு தோழிகளின் கதை. பரீட்சை நெருங்கிவிட்டது போலிருக்கிறது. வகுப்பில் இந்தக் கதையோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதனால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

"ஒரு கைடில் ட்வைலா வெள்ளை, ராபர்ட்டா கறுப்பு என்று இருக்கிறது. சீனியர் அக்கா கொடுத்த நோட்ஸில் நேர்மாறாக இருக்கிறது. திங்கட்கிழமை இன்டர்னல். எதை எழுதட்டும்?"
*– எம்.ஏ. மாணவி, பாளையங்கோட்டை*

இரண்டையும் மூடி வை அம்மா. கதையில் அந்த விடை கிடையாது.

எட்டு வயதுச் சிறுமிகள் இரண்டு பேர் ஒரு காப்பகத்தில் ஒரே அறையில் நாலு மாதம் இருக்கிறார்கள். ட்வைலாவின் அம்மா ராத்திரி முழுக்க ஆடுகிறவள், ராபர்ட்டாவின் அம்மா நோயாளி. இரண்டு தாய்மாரும் உயிரோடு இருப்பதால் நிஜ அநாதைகள் இவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. மற்றப் பிள்ளைகள் 'உப்பும் மிளகும்' என்று கேலி செய்கிறார்கள். யார் உப்பு, யார் மிளகு என்று மட்டும் கடைசிவரை வராது. மாரிசன் சொல்ல மறந்துவிடவில்லை. 1992இல் வந்த தன் கட்டுரை நூலில் அவரே விளக்கியிருக்கிறார்: இனம் முக்கியமாக இருக்கிற இரண்டு பேரின் கதையிலிருந்து இன அடையாளங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டுப் பார்த்த சோதனை இது என்று.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், உனக்கு உதவும். கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் 'ட்', அந்தப் பக்கம் 'ரா' என்று எழுதுவேன். பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள். ஹோவர்ட் ஜான்சன் ஓட்டலில் ட்வைலா பரிமாறிக்கொண்டிருக்கும்போது ராபர்ட்டா முகமே தெரியாத அளவு புஸுபுஸுவென்ற முடியோடு வருகிறாள். "கறுப்புதான் மேம்!" கறுப்பின கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் பார்க்கப் போகும் கும்பலோடு வந்திருக்கிறாள். "உறுதியாகக் கறுப்பு!" (ட்வைலா ஹென்ட்ரிக்ஸைப் பெண் என்று நினைத்துக்கொண்டு பேசுவது தனிக் கூத்து.) ஆனால் 1969 வுட்ஸ்டாக் இசைவிழாக் கூட்டத்தின் படத்தைப் பாருங்கள், ஹென்ட்ரிக்ஸைக் கேட்க மண்ணில் புரண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அப்புறம் ராபர்ட்டா பணக்காரியாகிறாள், டிரைவர் வைத்த காரில் வருகிறாள். ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரிகளும் டாக்டர்களும் இருக்கும் பேட்டையில் வீடு. "அப்போ வெள்ளை மேம்!" ட்வைலாவின் கணவன் தீயணைப்பு வீரன். அதற்கு ஒரு சண்டை.

நானும் தீர்ப்பு வைத்திருந்தேன். என் கணக்கில் ட்வைலா கறுப்பு. என் பெரிய சாட்சி, இரண்டு தாய்மாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வரும் காட்சி. ராபர்ட்டாவின் அம்மா ஆண்களைவிடப் பெரிய உருவம், மார்பில் பிரமாண்டமான சிலுவை, கையில் பிரமாண்டமான பைபிள். ட்வைலாவின் அம்மா மேரி சிரித்துக்கொண்டே கை நீட்டுகிறாள். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். "நிறத் திமிர், வேறென்ன" என்று வருஷாவருஷம் விளக்கினேன்.

ஒரு வருஷம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். "மேம், மேரி ராத்திரியெல்லாம் ஆடுற பொம்பளை. பச்சை பேன்ட் போட்டுட்டு ஜெபத்துக்கு வந்திருக்கா. எங்கம்மாவா இருந்தாலும் கை குடுத்திருக்க மாட்டாங்க."

வகுப்பே சிரித்தது. நான் சாக்பீஸோடு நின்றேன். பக்தியுள்ள கறுப்பினத் தாய் ஆட்டக்காரியான வெள்ளைக்காரியின் கையை மறுத்தாள் என்றும் அந்தக் காட்சியை முழுசாகப் படிக்கலாம். ஒரு சொல்கூட இடிக்காது. நான் நிறம் என்று நினைத்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒழுக்கம் தெரிந்தது. இருவரும் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத்தான் கதைக்குள் பார்த்தோம்.

திங்கட்கிழமை அதை எழுது. எந்த வரியைப் படித்ததும் 'இவள் கறுப்பு' என்று முடிவு கட்டினாய், அந்த நினைப்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று நேர்மையாக எழுது. நான் திருத்தினால் முழு மார்க் போடுவேன். உன் மேம் எப்படியோ!

"பள்ளிப் பேருந்துக்காகத் தாய்மார்கள் தட்டி பிடித்துச் சண்டை போடுவது ஏன் என்று பேத்தி கேட்கிறாள். பஸ் விடுவது நல்லதுதானே?"
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொள்ளாச்சி*

கட்டணமும் நேரமும் இல்லை ஐயா பிரச்சினை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் குடியிருப்புகளே பிரிந்து கிடந்தன. பக்கத்துப் பள்ளிக்குத்தான் பிள்ளை போகும் என்றால் பள்ளியும் பிரிந்தேதான் இருக்கும். அதனால் ஒரு பேட்டைப் பிள்ளைகளை இன்னொரு பேட்டைப் பள்ளிக்குப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடு வந்தது. 1971இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் பச்சைக்கொடி காட்டியது. 1974இல் பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பஸ்கள்மேல் கல் வீசினார்கள்.

கதையில் ட்வைலாவின் மகன் ஜோசப் மாற்றப்படும் பட்டியலில் இருக்கிறான். முதலில் அது நல்ல ஏற்பாடு என்று நினைத்தாளாம், கெட்டது என்று காதில் விழும்வரை. எதிர்த்து நிற்கும் பெண்களில் ராபர்ட்டா இருக்கிறாள், 'தாய்மாருக்கும் உரிமை உண்டு' என்ற தட்டியோடு. அந்தப் பெண்கள் ட்வைலாவின் காரைப் பிடித்து ஆட்டுகிறார்கள். ட்வைலா பழக்கதோஷத்தில் ராபர்ட்டாவை நோக்கிக் கை நீட்டுகிறாள். காப்பகத்தில் பெரிய பெண்கள் துரத்தும்போது இவர்கள் ஒருவரையொருவர் கைபிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர்கள். இப்போது அந்தக் கை வரவில்லை.

மறுநாள் ட்வைலாவும் ஒரு தட்டி எழுதுகிறாள்: 'பிள்ளைகளுக்கும்தான்.' ராபர்ட்டாவின் தட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை! அவளுக்கே அது உறைக்கிறது. அடுத்து, 'உனக்கு எப்படித் தெரியும்?' கடைசியாக, 'உன் அம்மா நலமா?' தெருவில் நின்ற மற்றவர்களுக்கு இவளுக்குப் பைத்தியம் என்று தோன்றும். அந்தத் தட்டி ஒரே ஒருத்தி படிக்க எழுதியது. அன்றோடு ராபர்ட்டா வருவதை நிறுத்திவிடுகிறாள்.

பேத்தியிடம் இதையும் கேளுங்கள்: இந்தச் சண்டையை வைத்து யார் எந்த நிறம் என்று சொல்ல முடிகிறதா?

"நாலு மாசப் பழக்கம். அப்புறம் இத்தனை வருஷத்தில் நாலு சந்திப்பு, அதிலும் பாதி சண்டை. இதற்குப் பெயர் நட்பா?"
*– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்*

நட்புதான். ஆனால் சேர்ந்து சிரித்ததால் வந்த நட்பு இல்லை.

காப்பகச் சமையலறையில் மேகி என்று ஒரு கிழவி. வாய் பேச முடியாது; கால்கள் அடைப்புக்குறி மாதிரி வளைந்திருக்கும். ஒருநாள் பழத்தோட்டத்தில் விழுந்துவிட்டாள். ட்வைலாவின் நினைவு இவ்வளவுதான். ஹோட்டலில் பார்த்து, பின் 12 வருஷம் கழித்துக் கடையில் சந்திக்கும்போது ராபர்ட்டா, "அவள் விழவில்லை, பெரிய பெண்கள் தள்ளிவிட்டார்கள்" என்கிறாள். பள்ளி வாசல் சண்டையில் வேறு கதை: "கீழே கிடந்த கறுப்பினக் கிழவியை நீயும் உதைத்தாய், நானும் உதைத்தேன்." ட்வைலா ஆடிப்போகிறாள். உதைத்தோமா என்பது ஒரு பக்கம், மேகி கறுப்பா? அதுவே நினைவில் இல்லை.

கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம் காபிக் கடையில் ராபர்ட்டா உண்மையைச் சொல்கிறாள். நாம் உதைக்கவில்லை, ஆனால் உதைக்க ஆசைப்பட்டேன் என்று. ட்வைலாவும் அதற்குள் தனக்குள்ளே அதே இடத்துக்கு வந்திருக்கிறாள். கத்தினாலும் கேட்காத, கேட்டாலும் பதில் சொல்லாத மேகி அவளுக்கு ஆடிக்கொண்டே இருந்த தன் அம்மாதான். ராபர்ட்டாவுக்கோ, காப்பகங்களிலேயே வளர்ந்த தன் நோயாளி அம்மா. பெற்றவளை உதைக்க முடியாத இரண்டு குழந்தைகளுக்கு, எதிர்த்துக் கத்த முடியாத ஒருத்தி கிடைத்தாள்.

இதை ட்வைலா தன் கணவனிடம் சொல்ல முடியாது. அவன் நல்லவன், வீட்டுச் செருப்பு மாதிரி சுகமானவன் என்கிறாள். ராபர்ட்டாவும் தன் பணக்காரக் கணவனிடம் சொல்ல முடியாது. உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லலாம். அவள் வேறு இனம், பள்ளி வாசலில் எதிர்ப்பக்கம் நின்றவள். நீங்கள் நாலு சந்திப்பு என்று எண்ணுகிறீர்கள். எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் 'உன் அம்மா எப்படி இருக்கிறாள்?' தான் கண்ணில் படுகிறது.

"தலைப்புக்கு என்ன அர்த்தம்?"
*– வாசகி, திருவாரூர்*

ஓபராவில் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே, பேசுகிற ஓட்டத்திலேயே பாடப்படும் பகுதி. நம் விருத்தத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். கொஞ்சம்தான்.

"இதைத் தமிழில் மொழிபெயர்க்க ஆசை. செய்யலாமா?"
*– ஆய்வு மாணவர், மதுரை*

உரிமை வாங்கிக்கொண்டு செய்யுங்கள் தம்பி. நான் எனக்காக மூன்று பக்கம் செய்து பார்த்து விட்டுவிட்டேன்.

பேச்சில்தான் மாட்டினேன். நம்மூரில் ஒரு பெண் வாயைத் திறந்தால் ஊர் தெரியும், கூர்ந்து கேட்கிறவனுக்குத் தெருவும் தெரியும். மாரிசன் பாடுபட்டு எடுத்த அடையாளம் 'வாங்க', 'வாரும்', 'வாடி' என்ற ஒவ்வொன்றிலும் வேறு உருவில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இருவரையும் புத்தகத் தமிழில் பேசவைத்தேன். எட்டு வயசுப் பிள்ளைகள் செய்தி வாசிப்பது போல இருந்தது. அம்மாவை மேரி என்று பெயர் சொல்லும் பெண்ணுக்கு 'ஆடுவாள்' போடுவதா, 'ஆடுவாங்க' போடுவதா? மேகியைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவார்கள்? 'ஆயா' என்றால் அடுத்த நொடியே அவள் யார் வீட்டுப் பெண் என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார்.

அவளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க இரண்டு பேரும் பின்னாலிருந்து கத்தும் ஓர் இடம் உண்டு. "ஊமை! ஊமை!" அவள் திரும்புவதில்லை. உள்ளே ஒருத்தி இருந்து அதையெல்லாம் கேட்டிருப்பாளோ என்று வளர்ந்த ட்வைலா கூசுகிறாள். மூன்று பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான் அகராதியையும் பார்க்கவில்லை, அடித்துத் திருத்தவும் இல்லை.