அம்மா விட்டுவைத்த இடைவெளி

அன்புள்ள ஐயா,

2015 இல் வெளிவந்த ‘த லாசரஸ் எஃபெக்ட்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். இறந்த நாயை உயிர்ப்பிக்கும் மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வாளர், மின்சாரம் தாக்கி இறந்த தன் வருங்கால மனைவிக்கும் அதையே ஏற்றுகிறார். எழுந்து வருபவள் கூட இருந்தவர்களைக் கொல்லத் தொடங்குகிறாள். அறிவியலால் இது கூடுமா? இத்தகைய படங்களில் திரும்பி வருபவர்கள் ஏன் எப்போதும் கொடியவர்களாகவே இருக்கிறார்கள்?

அடுத்த மாதம் அப்பாவின் ஆட்டத் திவசம். அவருடைய வட்ஸ்அப் குரல் பதிவுகள் நாற்பதுக்கு மேல் என்னிடம் உள்ளன. கடைசிப் பதிவில் ‘பிள்ளை, வரேக்க ஒரு றாத்தல் பாண் வாங்கி வா’ என்கிறார். அவற்றைக் கொண்டு அப்பாவை எல்லோருடனும் பேச வைக்கும் செயலி இருப்பதாக நண்பி சொல்கிறாள். அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து, அன்றைக்குச் செய்து காட்டலாம் என்றிருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் முதற் பகுதியை ஒருமுறையும் இரண்டாம் பகுதியைப் பல முறையும் படித்தேன். என் அலுமாரியில் அம்மாவின் குரல் உள்ள கசெற்றுகள் சில மாதங்களாகத் தொடப்படாமல் கிடக்கின்றன. ஏன் தொடவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1803 இல் லண்டனில் ஜியோவானி அல்டீனி என்பவர், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. ஆள் எழும்பவில்லை. 2019 இல் யேல் பல்கலைக்கழகத்தார், வெட்டப்பட்டு நான்கு மணி நேரமான பன்றிகளின் மூளைகளில் கலங்களின் இயக்கம் சிலவற்றை மீட்டார்கள். உணர்வு திரும்பியதற்கான அடையாளம் எதுவும் அங்கும் தென்படவில்லை. இதற்கு மேல் அதில் நேரத்தைச் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

ஏன் கொடியவர்களாக வருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் படம் பெயரைக் கடன்வாங்கிய லாசரஸ், யோவான் நற்செய்தியில் நான்கு நாள் கல்லறையில் கிடந்த பிறகு துணி சுற்றிய கைகால்களோடு வெளியே வருகிறார். அதன் பின் விருந்தில் கூட அமர்கிறார். ஆனால் அவர் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே எழுதப்படவில்லை. நம்முடைய பெரியபுராணத்தில், பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் குடத்தில் இட்டுக் காத்திருக்கிறார். மயிலாப்பூரில் சம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்து வருகிறாள். அவளை மணந்துகொள்ளுமாறு தகப்பன் வேண்ட, உயிர்ப்பித்தவன் தகப்பனுக்கு ஒப்பானவன் என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். மீட்டுக் கொண்டுவந்தவருக்கு அவள் மேல் உரிமை கிடையாது. படத்தில் வரும் ஆய்வாளருக்கோ தனக்கு அவள் வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைவில்லை. கொடுமை அவள் கண் விழிப்பதற்கு முன்னமே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

என் தமையன் 1985 இல் ஜேர்மனிக்குப் போனார். தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசுவதற்கும் காசை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்த காலம் அது. அம்மா அறுபது நிமிடக் கசெற்றில் பேசி, அங்கே போகிறவர்களின் கையில் கொடுத்தனுப்புவார். எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் முடிவில், தண்டவாளத்துக்குக் கிட்ட இருந்தது. புகையிரதம் வரும் சத்தம் கேட்டதும் அம்மா பேச்சை நிறுத்துவார். பதிவை நிறுத்தும் பொத்தான் எதுவென்று அவருக்குப் பிடிபடவேயில்லை. ஆகவே கடைசிப் பெட்டி கடந்துபோகும் வரையிலான இரைச்சலும் கசெற்றில் இருக்கிறது. அது ஓய்ந்ததும் ‘எதில விட்டனான்?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு தொடர்வார். இடையில் ‘சாப்பிட்டியோ?’ என்பார். கேட்டுவிட்டு, ஜேர்மனியில் இருப்பவர் பதில் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில் சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த இடத்தில் தமையன் ‘ஓம் அம்மா, சாப்பிட்டனான்’ என்று வாய்விட்டுச் சொல்வாராம். 1993 இல் அம்மா இறந்தபோது அவரால் வர முடியவில்லை. அதற்குப் பிறகும் கசெற்றைப் போடும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பதிலைச் சொல்லி வந்திருக்கிறார்.

சென்ற ஆண்டு அவருடைய மகன், தகப்பனின் பிறந்தநாளுக்காக அந்தக் கசெற்றுகளைக் கணினியில் ஏற்றி, அப்பம்மாவைப் புதிதாகப் பேச வைத்தான். அன்பினால் செய்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ‘தம்பி, நான் நல்லா இருக்கிறன். உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு’ என்றது குரல். குரலில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அம்மா அவரை ஒருநாளும் தம்பி என்று அழைத்ததில்லை, ‘பெரியவன்’ என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவார். பெருமை என்ற சொல்லைப் பிள்ளைகளின் முன்னால் உச்சரித்தவரும் அல்லர். புகையிரதமும் வரவில்லை. தமையன் அழுதுவிட்டார், ஒரு கிழமையாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து எனக்குத் தொலைபேசி எடுத்து, ‘பெருமையா இருக்கு எண்டு அம்மா சொன்னவா, அது எந்தக் கசெற்றில?’ என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். செய்தவன் அவருடைய மகன், செய்தது அவருக்குத் தெரியும், இருந்தும் அந்தச் சொல் அவருடைய நினைவில் அம்மாவின் சொற்களோடு போய் உட்கார்ந்துவிட்டது. இனி அதை எடுத்து வெளியே போட என்னாலும் முடியாது, அவராலும் முடியாது. எது அம்மா சொன்னது என்று நிச்சயமில்லாததால் அவர் இப்போது எந்தக் கசெற்றையும் போடுவதில்லை. கேட்டால் எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் நானும் என்னிடம் உள்ளவற்றைத் தொடவில்லை.

2024 இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் ஏ. ஆர். ரஹ்மான் இவ்வாறு பாட வைத்தாரே என்று நீங்கள் கேட்கக்கூடும். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். அதை நான் இதோடு சேர்க்க மாட்டேன். பாடகர் உயிரோடு இருக்கும்போதும் வேறொருவர் எழுதிய வரிகளைத்தான் பாடுகிறார். ஒரு தகப்பன் மகளிடம் சொல்வதை எழுதிக் கொடுக்கும் கவிஞர் எவரும் இல்லை. செயலி உங்கள் அப்பாவின் குரலின் சாயலைச் சிறு பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். சொற்களையோ, ஊர் பேர் தெரியாத கோடிப் பேர் எழுதியவற்றைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கும். கசெற்றில் அம்மா கேட்டார், தமையன் பதில் சொன்னார், அந்த இடைவெளி மகனுக்காக விடப்பட்டது. செயலியில் நீங்கள் கேட்பீர்கள், அப்பாவின் குரலில் யாரோ இடைவெளியே இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உங்களைக் கடிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அம்மாவுக்குச் சொல்லாமல் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். படையல் வைத்து, சொந்தக்காரர் நிறைந்திருக்கும் வீட்டில், ஒரு வருடமாகத் தனியே படுத்து எழும்பும் மனுசியின் முன்னால், முன்னறிவித்தல் இல்லாமல் அவருடைய புருசனின் குரலை எழுப்பப் போகிறீர்களா? உங்களுக்கு அந்தத் துணிவை யார் கொடுத்தது? அவர் வேண்டுமென்று கேட்டாரா? நீங்களே உங்கள் கையால் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டிருப்பீர்கள். அந்த வாய்க்குள் இப்போது நீங்கள் இட நினைப்பது அவர் சொல்லாத சொல்லை. செய்யாதீர்கள், பிள்ளை.

அப்பா இல்லாத வீட்டில் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு இரவு எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்பது பதிவுகளும் தொலைபேசி பழுதாகும் நாளில் போய்விடலாம். இன்றைக்கே வேறிரண்டு இடங்களில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் திகதியில், எதற்காக வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதைத் தனியாகச் செய்யாமல் அம்மாவோடு இருந்து செய்யுங்கள். அவருக்குக் கேட்க விருப்பமானால் கேட்கட்டும், இல்லையென்றால் திகதியை மட்டும் சொல்லட்டும்.

பாண் வாங்கிக்கொண்டு போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பதிவுக்கு அன்று என்ன பதில் அனுப்பினீர்கள் என்பதையும் கொப்பியில் அதன் பக்கத்தில் எழுதுங்கள்.